மூன்று விசுவாசம் கொதித்த தண்ணீர்

லிப்ராதா சுக்கை நல்லவள் என்று நான் எழுதினால் அவளே என்னோடு சண்டைக்கு வருவாள். அதிகாரம் பண்ணுவதற்கென்றே பிறந்தவள் அவள். எங்கள் இஷ்லோல் கிராமத்தில் முப்பது வருஷமாக மாவு மில் ஓட்டுகிறவள் நான். விடிந்தால் ஊரிலுள்ள பெண்கள் எல்லாரும் சுண்ணாம்பு போட்டு வேகவைத்த சோளத்தை வாளியில் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தாக வேண்டும். அந்த வரிசையில் லிப்ராதாவைத் திட்டாத வாய் ஒன்றுகூட இருந்ததில்லை. என் வாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காலரா வந்த வருஷம் சுகாதாரத் துறைக்காரர்கள் ஊருக்கு ஒரு பெண்ணைத் தேடினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், நாலு பேரிடம் பேசக் கூச்சப்படக் கூடாது. லிப்ராதா அப்போது கயிற்றுத் தூளி பின்னி விற்றுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கான்கூன் நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பதினைந்து நாள் பயிற்சி கொடுத்து, ஒரு வெள்ளை மேல்சட்டையும் கொடுத்து அவளை அனுப்பினார்கள். கழுத்தில் ஒரு விசிலும் தொங்கியது. அதை அவர்கள் கொடுத்தார்களா, அவளே வாங்கி மாட்டிக்கொண்டாளா என்று இன்றுவரை தெரியாது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து இறக்கியது. தண்ணீர் சில்லென்று இருக்கும், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். அரசாங்கக் குழாயும் இருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம் வரும், மருந்து நாற்றம் அடிக்கும். அதைத் துணி துவைக்க மட்டும் வைத்துக்கொள்வோம். சொந்தக் கிணறு இருக்கிறவன் குழாய்த் தண்ணீர் குடித்தால், வீட்டில் சோறிருக்க வெளியே கையேந்தினான் என்று பேசுவார்கள்.

லிப்ராதா வீடு வீடாகப் போய், கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்றாள். எவ்வளவு நேரம் என்று பெண்கள் கேட்டார்கள். ஊரில் கடிகாரம் இருந்தது என் வீட்டையும் சேர்த்து ஐந்து வீட்டில். முட்டையைக்கூட நாங்கள் ஜெபம் சொல்லித்தான் வேகவைப்போம்.

"விசுவாசப் பிரமாணத்தை மூணு தடவை சொல்லுங்க" என்றாள் அவள். "கொதி வந்தப்புறம்தான் ஆரம்பிக்கணும். ஓட்டமா சொல்லி ஏமாத்தினா கடவுளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அன்றிலிருந்து அவள் பெயர் 'மூணு விசுவாசம்' ஆயிற்று. திடீரென்று அடுப்படிக்குள் நுழைவாள். பானையின் அடியைத் தடவிக் கரி புதுசா பழசா என்று பார்ப்பாள். ஆறிய பானையைக் கண்டால் விசிலை ஊதித் தெருவையே கூட்டிவிடுவாள். என் புருஷன் ஒருநாள், "மரித்தவங்களுக்குக்கூட இத்தனை விசுவாசம் சொல்லலையே, பச்சத் தண்ணிக்குச் சொல்லவச்சிட்டாளே" என்று சிரித்தார். சிரித்தாலும் கொதித்த தண்ணீரைத்தான் குடித்தார். பக்கத்து ஊரில் அந்த வருஷம் பதினோரு பேர் செத்தார்கள். எங்கள் ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை.

அதற்கப்புறம் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பன்னிரண்டு வருஷம் ஓடியது. எங்கள் பிள்ளைகள் விசுவாசப் பிரமாணத்தைக் கோயிலில் படிக்கவில்லை, அடுப்படியில்தான் படித்தார்கள்.

நெல்சி அப்படி அடுப்படியில் படித்த பெண். பத்தொன்பது வயது. சொன்னதை ஒரு படி கூடுதலாகவே செய்கிற சுபாவம். பிரசவத்தில் வயிற்றைக் கிழிக்க வேண்டியதாகிவிட்டது. அப்புறம் காய்ச்சல் வந்து, நகரத்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தாள். வீட்டுக்கு வரும்போது கையில் அமில்கார் என்று ஒரு பையனும், பையில் இரண்டு டின் பால்பவுடரும் இருந்தன. மார்பில் பால் வற்றிவிட்டது. மறுபடி சுரக்க வைக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களில் யாருக்கும் அது தெரியவும் தெரியாது.

புட்டிப்பால் கரைக்கக் கற்றுக்கொடுத்தது லிப்ராதாதான். புட்டியைக் கழுவு, ரப்பரைக் கொதிக்க வை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்று. நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"சின்னப் பிள்ளைக்கு மூணு போதுமாக்கா? நான் முழு ஜெபமாலையும் சொல்லட்டுமா?" என்று நெல்சி கேட்டாள்.

"சொல்லேன். கூடக் கொதிச்சா தண்ணி கெட்டா போயிடும்?"

நெல்சி முழு ஜெபமாலையும் சொன்னாள், இருபது நிமிஷத்துக்குக் குறையாது. பானை முக்கால் ஆகும், அரை ஆகும். மிச்சத்தின் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றி மறுபடி ஒரு ஜெபமாலை சொல்லுவாள். அந்தப் பானை அடுப்பை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. மில் வரிசையில் லிப்ராதா அவளைக் காட்டித்தான் மற்றவர்களை ஏசுவாள்: "அந்தச் சின்னப் பொண்ணைப் பாத்துக் கத்துக்கங்கடி, எருமைங்களா."

நெல்சியின் புருஷன் வில்பெர்த் கொல்லையில் பன்றி வளர்த்தான். வியாபாரி குட்டியும் தீவனமும் கொடுப்பான், இவன் வளர்த்துத் தர வேண்டும். அறுபது உருப்படி இருக்கும். கொட்டகை கழுவிய தண்ணீர் ஒரு பாறைப் பொந்தில் இறங்கிப் போய்விடும். ஒரு சொட்டும் தேங்காது. கொல்லை அத்தனை சுத்தம். வேலிக்கு அந்தப் பக்கம் மிளகாய்த் தோட்டம், மழைக்கு முன்னால் வெள்ளை உரம் மூட்டை மூட்டையாகப் போடுவார்கள். கிணறு நடுவில் இருந்தது. பாறைப் பொந்து குடிக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

பிள்ளைக்கு ஆறு வாரம் ஆனபோது உதட்டைச் சுற்றி ஒரு சாம்பல் நீலம் படர்ந்தது. நகத்திலும் தெரிந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பால் குடிக்கும்போதே களைத்துத் தூங்கிவிடுவான். நெல்சி அவனைத் துணியில் சுற்றி மில்லுக்குத் தூக்கி வந்தாள். வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"கண்ணேறு. வெயில்ல வந்த ஆம்பள எவனோ பாத்திருப்பான்" என்றாள் ஒருத்தி.

"கண்ணேறுன்னா வாந்தி எடுக்குமே. இது நாவப்பழம் தின்ன மாதிரில்ல இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

"பாட்டன் குடிகாரன். அவன் உதடும் இப்படித்தான் இருந்துச்சு" என்று நான் சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

லிப்ராதா வந்து பார்த்தாள். பானையைப் பார்த்தாள், புட்டியை மோந்து பார்த்தாள், அடியில் கரியைத் தடவினாள். "தண்ணியில குத்தமில்ல. வியாழக்கிழமை டாக்டர் வர்றப்போ காட்டுவோம்" என்றாள். எங்கள் ஊருக்கு டாக்டர் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார். அந்த வியாழன் அவர் ஜீப் பழுதாகி வரவில்லை.

நெல்சியின் மாமியார் பொறுக்க முடியாமல் மந்திரிக்கிற எலெவ்தேரியோவிடம் மருமகளையும் பிள்ளையையும் கூட்டிப் போனாள். பழைய கற்றாழை நார்ப் பண்ணை இடிந்து கிடக்கிறதே, அங்கே தங்கியிருப்பவர் அவர். பிள்ளையைத் தடவிப் பார்த்து, "கிணத்துல இருக்கிற காத்து பிடிச்சிருக்கு. அந்தக் கிணத்துத் தண்ணி இவன் வாயில படக்கூடாது. மூணு நாள் இங்கயே இருங்க" என்றாராம். பண்ணைவீட்டுக் கூரையில் விழுகிற மழைத் தண்ணீரைப் பிடிக்கிற பெரிய தொட்டி ஒன்று அங்கே இருந்தது. அதில்தான் நெல்சி பால் கரைத்தாள். கொதிக்க வைக்க அவர் விடவில்லை. நெருப்பைக் கண்டால் காத்து உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும் என்றார்.

மூன்றாம் நாள் மதியம் நானே சோள ரொட்டி எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். பிள்ளையின் உதடு ரோஜா நிறத்தில் இருந்தது. கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தான். நெல்சி குனிந்து ஏதோ சொன்னாள், அவன் சிரித்தான். "சோய்லாக்கா, முதச் சிரிப்பு" என்று அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அப்போது லிப்ராதா சைக்கிளில் வந்து இறங்கினாள். யாரோ போய் வத்திவைத்துவிட்டார்கள். நேரே தொட்டிக்குப் போனாள், ஒரு கை அள்ளிப் பார்த்தாள். தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இதையா குடுத்தே?" என்று நெல்சியிடம் கேட்டாள். "புழு நெளியற தண்ணிய, கொதிக்கக்கூட வைக்காம, ரெண்டு மாசப் பிள்ளைக்கு? பன்னெண்டு வருஷம் நான் நாய் மாதிரி தெருத்தெருவா கத்துனது இதுக்குத்தானா?"

"பிள்ளை தேறிட்டாம்மா, பாரு" என்றார் எலெவ்தேரியோ.

"நீங்க பேசாதீங்க பெரியவரே. நாளைக்கு வாந்தியும் பேதியுமா போனா உங்க காத்தா வந்து தூக்கும்? எந்திரி நெல்சி."

நெல்சி பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ரொட்டித் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லிப்ராதாவின் பின்னால் நடந்தாள்.

ஐந்து நாளில் உதடு மறுபடி நீலமாயிற்று. இந்த முறை முகம் முழுக்கப் பரவியது. கொஞ்சம் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. தொட்டித் தண்ணீரின் வேலைதான் என்று லிப்ராதா அடித்துச் சொன்னாள். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "நல்லா இன்னும் கொதிக்க வச்சுக் குடு. நெறையக் குடு, உடம்புல தண்ணி வத்தக்கூடாது" என்றாள். நெல்சி நிறையக் கொடுத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் பிள்ளையை எழுப்ப முடியவில்லை. என் புருஷனின் சோள லாரியில் நெல்சி, வில்பெர்த், லிப்ராதா, நான் நாலு பேரும் ஏறினோம். நகரத்துக்கு இரண்டரை மணி நேரம். பிள்ளை சிலேட்டு நிறத்தில் இருந்தான். லிப்ராதா வழியெல்லாம் அவன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா ஊசியால் ரத்தம் எடுத்தாள். ஊசிக்குள் வந்தது ரத்தம் மாதிரியே இல்லை. நாங்கள் குடிக்கிற கோகோ மாதிரி பழுப்பாக இருந்தது. அவள் உடனே திரும்பி, "பாலை எந்தத் தண்ணியில கரைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"கிணத்துத் தண்ணி டாக்டர். ஆனா கொதிக்க வச்சது" என்று லிப்ராதா முந்திக்கொண்டு சொன்னாள். அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"முழு ஜெபமாலை."

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தாள். ஏதோ நீல மருந்தை ஏற்றச் சொல்லி ஓடினாள். ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, இதயம் ரொம்பக் களைத்துப்போய்விட்டது, பிள்ளை போய்விட்டான் என்றாள். நெல்சி அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள். வில்பெர்த் வெளியே போய் லாரிச் சக்கரத்தை உதைத்தான்.

லிப்ராதா நின்ற இடத்திலேயே நின்றாள். கொதிக்க வைத்த தண்ணீரில் எப்படி என்று கேட்டாள்.

"சூப்புல உப்புப் போட்டுக் கொதிக்க விட்டா உப்பு போயிடுமா?" என்று டாக்டரம்மா கேட்டாள். "சூப்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறும். உரத்துலயும் பன்னிச் சாணத்துலயும் கழிப்பறைக் குழியிலயும் அந்த மாதிரி ஒரு உப்பு இருக்கு. பாறை வழியா கிணத்துக்கு வந்துடும். நெறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசி கிடையாது. பெரியவங்களை அப்படிப் பண்ணாது. ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற பிள்ளையோட ரத்தத்தை மூச்சுக்காத்தைச் சுமக்க விடாது. கொதிக்க வைக்கிறது கிருமியத்தான் கொல்லும். இதைக் கெட்டியாக்கும்."

"மூணு நாள் மழைத் தண்ணி குடிச்சான். உதடு சிவந்துச்சு. அதனாலதானா?"

"ஆமா."

"அங்கேயே விட்டிருந்தா?"

டாக்டரம்மா சின்னப் பெண். பொய் சொல்லப் பழகவில்லை. "பொழைச்சிருப்பான்னுதான் நினைக்கிறேன்" என்றாள்.

 திரும்பி வரும்போது லிப்ராதாவின் மடியில் டாக்டரம்மா கொடுத்த ஒரு சின்னக் குப்பி இருந்தது. உள்ளே காகிதத் துண்டுகள். தண்ணீரில் நனைத்தால், அந்த உப்பு இருந்தால் இளஞ்சிவப்பாகும்; அதிகமாக அதிகமாகச் சிவப்பு ஏறும்.

பிள்ளையைப் புதைத்த மறுநாள் சுகாதாரத் துறை மேலதிகாரி ஒருவர் ஊருக்கு வந்தார். பிறவியிலேயே இதயக் கோளாறு என்று எழுதிக்கொள்ளலாம் என்றார். தண்ணீரைப் பற்றி வாயைத் திறந்தால் ஜனங்கள் கொதிக்க வைப்பதையே விட்டுவிடுவார்கள், காலரா மறுபடி வரும் என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. லிப்ராதா தலையாட்டினாள். அவர் ஜீப் போன பிறகு குப்பியை எடுத்துக்கொண்டு முதல் கிணற்றுக்குப் போனாள்.

நாற்பத்து மூன்று கிணறு பார்த்தாள். இருபத்தொன்பது சிவந்தது. நெல்சி வீட்டுக் கிணற்றில் காகிதம் ரத்தமாகத் தெரிந்தது. என் கிணறும் சிவந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் காகிதம் பழசு என்று அவளோடு சண்டை போட்டேன். நாங்கள் காறித் துப்பிய குழாய்த் தண்ணீர் மட்டும் லேசாகக்கூட மாறவில்லை. அது ஊருக்கு வெளியே ஆழத்திலிருந்து எடுத்து, மருந்து போட்டு, சோதித்து அனுப்புகிற தண்ணீர்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். பெரியவர்கள் பழையபடி கொதிக்க வைத்துக் குடியுங்கள். மார்பில் பால் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. தாய் இந்தத் தண்ணீரைக் குடித்தாலும் பாலில் அந்த உப்பு அவ்வளவாக இறங்காது. புட்டிப்பால் என்றால் கிணறு வேண்டாம். குழாய்த் தண்ணீரை ஒரு கொதி விட்டு உடனே இறக்குங்கள், இல்லையென்றால் கடையில் விற்கிற சுத்திகரித்த தண்ணீர் வாங்குங்கள்.

ஊர் சிரித்தது. மிரேயா என்ற பெண்ணுக்கு மூன்று மாதப் பையன், அவனும் புட்டிப்பால்தான். "நேத்து வரைக்கும் கொதிக்க வைக்காதவ கொலைகாரின்னீங்க. இன்னிக்குக் கொதிக்க வைக்கிறவ கொலைகாரியா? நாளைக்கு என்னக்கா, பச்சத் தண்ணிக்கு மறுபடி ஞானஸ்நானமா?" என்று அவள் மில்லில் கேட்டாள். ஊரில் அப்போது நாலு புட்டிப்பால் பிள்ளைகள். நாலு வீட்டிலும் கிணற்றுத் தண்ணீர்தான் கொதித்துக்கொண்டிருந்தது. லிப்ராதா அத்தனை அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"பிள்ளை எதனால போனான்னு சொல்லாம புதுச் சட்டம் போட்டா எவ கேப்பா?" என்று நான் அவளிடம் கேட்டேன்.  ஒரு வாரத்தில் அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

பிள்ளை போன பன்னிரண்டாம் நாள் நெல்சி முதல்முறையாகச் சோள வாளியோடு மில்லுக்கு வந்தாள். பெண்கள் விலகி முன்னால் போகச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்று வரிசையின் கடைசியில் நின்றாள். அப்போது லிப்ராதா உள்ளே வந்து, மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். நிறுத்தினேன்.

"அமில்கார் இதயக் கோளாறுல சாகல" என்றாள். "கண்ணேறும் இல்ல, காத்தும் இல்ல. கிணத்துத் தண்ணியில செத்தான். கொதிக்கக் கொதிக்க அது விஷமாச்சு. கொதிக்க வைக்கச் சொன்னது நான். மழைத் தண்ணியில பொழைச்சுக்கிட்டிருந்தவனைத் தூக்கிட்டு வந்து திரும்ப அந்தத் தண்ணியையே குடுக்க வச்சதும் நான். டாக்டர் என் முகத்துக்கு நேரா சொன்னாங்க. அவனைக் கொன்னது நான்தான். என்னைக் காறித் துப்புங்க, வேலைய விட்டுத் தூக்கச் சொல்லுங்க. ஆனா மத்த நாலு பிள்ளைக்கும் அந்தத் தண்ணி வேணாம்."

 மிரேயா வாளியை அப்படியே தரையில் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். சோளம் வாசல் வரை சிதறியது.

நெல்சி வரிசையை விட்டு லிப்ராதாவுக்கு எதிரே வந்து நின்றாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அறைந்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன். அவள் குரல் உயரவே இல்லை.

"எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்காதீங்கக்கா. அவன் உதடு சிவந்ததை உங்களுக்கு முன்னாடி நான் பாத்தேன். அந்தத் தண்ணியிலதான் தேறினான்னு எனக்குப் புரிஞ்சுது. என் கையிலதான் இருந்தான், உங்க கையில இல்ல. நீங்க கத்துனதும் நான் வாயை மூடிக்கிட்டேன். அந்தப் பங்கு என்னோடது. அதையும் நீங்க தூக்கிட்டுப் போயிட்டா, அவன்கிட்டேருந்து எனக்குன்னு என்ன இருக்கு?"

லிப்ராதா தலை குனிந்து நின்றாள். எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நெல்சி வரிசையின் கடைசிக்கே திரும்பிப் போனாள். நான் மோட்டாரைப் போட்டேன்.